டாக்டரிடம் கேளுங்கள்: அம்மா நடிக்கிறாரா?

இம்முறை பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து மறதி நோய் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை, நீளமானவற்றைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

வணக்கம் டாக்டர். எங்கள் அம்மாவுக்கு 74 வயது. கல்யாணமான நாளிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் (பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை). தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றிய பிறகு எங்களோடு தாமான் வீட்டுக்கு வந்துவிட்டார். கொஞ்ச காலமாக, பசியாறி முடித்துத் தட்டையும் கழுவி வைத்துவிட்டு, "எனக்கு யாரும் பசியாறவே கொடுக்கல" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறார். தோட்டைக் கழற்றி அரிசி டின்னுக்குள் அவரே வைத்துவிட்டு, அண்ணி திருடிவிட்டதாக ஒரு வாரம் சண்டை. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பெரட்டுக்கு (வேலைக்கு முன் தோட்டத்தில் பேர் கூப்பிடுவதற்கு) நேரமாச்சு என்று கதவைத் தட்டுகிறார். ஆனால் அந்தக் காலத்துக் கங்காணி யார், யாருக்கு எந்த நிரை (மர வரிசை) என்பதெல்லாம் பிசகாமல் சொல்வார். "பழசெல்லாம் ஞாபகம் இருக்கு, காலையில சாப்பிட்டது மட்டும் ஞாபகம் இல்லையா, நடிக்கிறாங்க" என்கிறார் அண்ணன். அப்படியும் இருக்குமா?

இருக்காது, சகோதரி. அண்ணனிடம் இந்தப் பக்கத்தையே நீட்டிவிடுங்கள். உங்கள் அம்மாவை நேரில் பார்க்காமல் இன்ன நோய் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் புதியது நிற்காமல் பழையது நிற்பது, மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் நோயின் தொடக்கத்தில் அடிக்கடி காண்கிற ஒன்று, அதற்கு மூளைக்குள் தெளிவான காரணம் இருக்கிறது.

காதுக்கு உள்பக்கமாக, மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. இன்று நடந்தது நாளைக்கு ஞாபகம் இருக்க வேண்டுமென்றால் முதலில் அது இந்தப் பகுதி வழியாகத்தான் பதிய வேண்டும். அல்சைமர் நோயில் நரம்பு உயிரணுக்கள் மிக ஆரம்பத்தில் பாதிக்கப்படுவது இந்த ஹிப்போகாம்பஸிலும் அதற்கு வாசலாக இருக்கும் பக்கத்துப் பகுதியிலும்தான். ஆகவே அம்மா தோசை சாப்பிட்டது அவர் மூளையில் பதியவே இல்லை, பதிந்து மறந்துபோனதாகக்கூடச் சொல்ல முடியாது. தேடினால் கிடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லாதபோது "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா" என்று அதட்டுவதில் பயனில்லை. கங்காணி பெயரும் நிரைக் கணக்கும் அப்படியில்லை, அவை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் புழங்கி மூளையின் வெளிப்புறணி (மேல் அடுக்கு) முழுக்கப் பரவி நிலைத்துவிட்டவை, ஹிப்போகாம்பஸின் தயவு அவற்றுக்கு அவ்வளவாகத் தேவையில்லை. கைப்பழக்கம் இன்னும் ஆழத்தில், மூளையின் வேறு பகுதிகளில் இருக்கிறது. இன்றைக்கு அம்மாவின் கையில் உளியைக் கொடுத்து ஒரு ரப்பர் மரத்தடியில் நிறுத்தினால், பட்டையை எவ்வளவு ஆழத்துக்குச் சீவ வேண்டும், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை எந்தப் பக்கம் சாய்த்து வைக்க வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருக்கக்கூடும், என்ன கிழமை என்று கேட்டால் தெரியாமல் போகலாம்.

தோடு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் குடும்பங்கள் உடைவது இங்கேதான். தோட்டைக் கழற்றி அரிசி டின்னில் வைத்தது அவருக்குப் பதியவில்லை. காதில் தோடு இல்லை என்பது மட்டும் கண்ணெதிரே தெரிகிறது, அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும், வீட்டில் புதிதாக வந்தவள் மருமகள், அவருக்கு எஞ்சியிருக்கும் தகவலை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு வந்துவிடுகிறது. இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கேடும் இல்லை. இந்த நோயை முதலில் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமரிடம் 1901ல் பிராங்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அகுஸ்தே டேட்டர் என்ற பெண்மணிக்கு அப்போது வயது 51. அவரிடம் முதலில் தென்பட்டதே கணவர் மீது காரணமில்லாத சந்தேகம்தான், மறதி கூடவே வந்தது. அண்ணியிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

4 மணிப் பெரட்டுக்கு "தோட்டம் எல்லாம் போச்சும்மா, மரமே இல்ல" என்று பதில் சொல்லாதீர்கள். அது அவருக்கு ஒவ்வொரு நாளும் புதுச் சாவுச் செய்தி மாதிரி இறங்கும். "இன்னைக்கு மழை, பெரட்டு இல்லம்மா" என்று சொல்லிச் சூடாக ஒரு மைலோ கொடுங்கள். வெளிக்கதவுக்கு அவர் கண்ணில் படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும்.

அப்புறம், இது முக்கியம்: கிளினிக்குக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, எப்போதோ வழுக்கி விழுந்து மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் என்று மறதியைக் கொண்டுவரும் வேறு காரணங்கள் பல உண்டு, இவற்றில் பலவற்றுக்கு மருத்துவம் இருக்கிறது. திடீரென்று இரண்டு மூன்று நாளில் குழம்பிப்போனால் சிறுநீர்க் கிருமித்தொற்றாகக்கூட இருக்கும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கிறேன் டாக்டர். தாத்தாவுக்கு அல்சைமர் என்று உறுதிப்படுத்திவிட்டார்கள். அமிலாய்டு என்ற அழுக்கு மூளையில் படிவதுதான் காரணம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன், இன்னொன்றில் டௌ என்ற புரதம்தான் காரணம் என்கிறார்கள். எது உண்மை? உயிரணுவுக்குள் என்னதான் நடக்கிறது?

நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதை ஒரே வரியில் சொன்னால் பொய்யாகிவிடும்.

1906ல் அகுஸ்தே டேட்டர் இறந்த பிறகு அல்சைமர் அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி கலந்த சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். உயிரணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாக ஒரு படிவு, உயிரணுக்களுக்கு உள்ளே சுருண்டு கிடக்கும் இழைகள், இரண்டையும் கண்டு அந்த ஆண்டு நவம்பரில் ஒரு மருத்துவக் கூட்டத்தில் விவரித்தார். வெளியே இருப்பது அமிலாய்டு, உள்ளே இருப்பது டௌ என்று தெரிய இன்னும் ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயின. நீங்கள் பார்த்த இரண்டு காணொளியும் ஆளுக்குப் பாதியைச் சொல்லியிருக்கின்றன.

அமிலாய்டை முதலில் பார்ப்போம். நரம்பு உயிரணுவின் சவ்வில் ஏபிபி என்று ஒரு புரதம், பாதி உள்ளே பாதி வெளியே என்று குத்திட்டு நிற்கும். அது எல்லாருக்கும் உண்டு, உடலுக்குத் தேவையானதும்கூட. அதை நொதிகள் வெட்டுகின்றன. பெரும்பாலும் ஆல்ஃபா-செக்ரடேஸ் என்ற நொதி நடுவில் வெட்டிவிடும், தொல்லையில்லை. பீட்டா-செக்ரடேஸ் ஒரு முனையிலும் காமா-செக்ரடேஸ் மறுமுனையிலும் வெட்டினால், இடையில் ஒரு துண்டு கழன்று வெளியே விழும், அதுதான் அமிலாய்டு பீட்டா. அந்தத் துண்டில் 40 அமினோ அமிலங்கள் இருந்தால் ஓரளவு கரைந்து போய்விடும், 42 இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணம் கூடுதல். இரண்டே இரண்டு அமினோ அமில வித்தியாசத்தில் இத்தனை வினை. ஒட்டிச் சேர்ந்தவை முதலில் சின்னச் சின்னக் கொத்துகளாக மிதக்கும், பிறகு நாராகி, திட்டாகப் படியும். பெரிய திட்டைவிட அந்தச் சின்னக் கொத்துகளே அதிகம் கெடுதல் செய்கின்றன என்பதற்குச் சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. இரண்டு நரம்பு உயிரணுக்கள் சந்தித்துச் சேதி பரிமாறும் இடமான சினாப்ஸில் அவை போய் ஒட்டி, அந்தச் சந்திப்பு வலுப்படுவதைத் தடுக்கின்றன. நாம் ஒன்றைக் கற்றுக்கொள்வது என்பதே சினாப்ஸ் வலுப்படுவதுதான் என்பதால், உயிரணு சாவதற்கு முன்பே ஞாபகம் தடுமாறத் தொடங்கிவிடுகிறது.

டௌ வேறு கதை. நரம்பு உயிரணுவின் வால் மிக நீளம், சிலவற்றில் ஒரு மீட்டர்கூட வரும். உயிரணுவின் உடலில் தயாராகும் புரதமும், சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அந்த வால் நுனிவரை போய்ச் சேர வேண்டும். அதற்கு நுண்குழாய்கள் என்ற பாதைகள் உள்ளே ஓடுகின்றன. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகள் அதைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி, டௌ புரதம் இந்த நுண்குழாய்களோடு சேர்ந்து அவற்றை நிலையாக வைத்திருக்கிறது. அல்சைமரில் டௌவின் மீது பாஸ்பேட் குழுக்கள் அளவுக்கு மேல் ஏறிவிடுகின்றன, அது பாதையை விட்டுக் கழன்று, கழன்றவை தங்களுக்குள் முறுக்கிக்கொண்டு இழைமுடிச்சாகிவிடுகின்றன. பாதை குலைந்தால் நுனிக்குச் சரக்குப் போகாது, சக்தி போகாது, முதலில் சினாப்ஸ் வாடும், பிறகு வால், கடைசியில் உயிரணுவே.

இரண்டில் எது காரணம் என்பதற்கு வருகிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு 21வது குரோமோசோம் மூன்று இருக்கும், ஏபிபி புரதத்துக்கான மரபணு இருப்பது அதே குரோமோசோமில்தான், ஆகவே அந்தப் புரதம் கூடுதலாக உற்பத்தியாகிறது, 40 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாருடைய மூளையிலும் அமிலாய்டு படிந்துவிடுகிறது. 40, 50 வயதிலேயே நோய் வரும் அரிய குடும்பங்களிலும் கோளாறு ஏபிபி மரபணுவிலோ அதை வெட்டும் நொதியின் மரபணுவிலோ இருக்கிறது. அமிலாய்டு முதல் காரணம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடையாது. ஆனால் மறுபக்கம், மூளை நிறைய அமிலாய்டோடு கடைசிவரை தெளிவாகப் பேசி, கணக்குப் பார்த்து, நிம்மதியாக இறந்த முதியவர்களும் நிறையப் பேர் உண்டு. டௌ அப்படி விட்டுவைப்பதில்லை. அது ஹிப்போகாம்பஸின் வாசலில் தொடங்கி, உள்ளே போய், பிறகு வெளிப்புறணிக்குப் பரவும் வரிசையை 1991ல் பிராக் என்ற ஜெர்மானியத் தம்பதி படிநிலைகளாக வகுத்தார்கள், நோயாளியின் மறதி எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்பது அந்தப் பரவலோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. அதனால் இன்று பலரும் சொல்வது இதுதான்: அமிலாய்டு தொடங்கி வைக்கிறது, டௌ முடித்து வைக்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, ஆனால் நடுவில் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அதை உங்கள் காணொளிகள் விட்டுவிட்டன.

மூளையில் மைக்ரோகிளியா என்ற காவல் உயிரணுக்கள் உண்டு. செத்ததையும் தேவையில்லாததையும் விழுங்கித் துப்புரவு செய்வது அவற்றின் வேலை, அமிலாய்டுத் திட்டைச் சுற்றி வளைத்து அடைத்து வைப்பதும் அவைதான். நாள்பட நாள்பட அவை சோர்ந்து, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைக் கக்கியபடியே இருக்கின்றன, நல்ல சினாப்ஸ்களையும் குப்பையென்று விழுங்க ஆரம்பிக்கின்றன. சும்மா ஊகமாகச் சொல்லவில்லை. மைக்ரோகிளியாவின் வேலைக்குத் தேவையான ட்ரெம்-2 என்ற மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இருந்தால் அல்சைமர் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்காகிறது என்று 2013ல் தெரிய வந்தது. பாதுகாக்கும் உயிரணு தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டாலே நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்றால், இதை வெறும் அழுக்குப் படியும் நோய் என்று சொல்லி விட்டுவிட முடியாதல்லவா?

இவ்வளவும் மறதி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தா உங்களைத் தூக்கிக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போன நாளிலேயே அது உள்ளே நடந்துகொண்டிருந்திருக்கலாம்.

அப்பாவுக்குப் பல வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). இப்போது மறதியும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நம் மக்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் 2019ல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர், இந்தியர்களிடம் அது மற்ற இனங்களைவிட அதிகம்.

மூளை உடல் எடையில் 2 விழுக்காடுதான், ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை பல வருடம் ஏறியே இருந்தால் மூளைக்குள் ஓடும் மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் தடித்து அடைபடும், நரம்பு உயிரணுக்குச் சேர வேண்டியது சேராது. இன்னொன்று, இன்சுலினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு, அதே நொதிதான் அமிலாய்டு பீட்டாவையும் சிதைக்கிறது. உடலில் இன்சுலின் எக்கச்சக்கமாகச் சுற்றும்போது அந்த நொதி அதிலேயே மாட்டிக்கொண்டு அமிலாய்டைக் கவனிக்க முடியாமல் போகலாம் என்பது ஒரு கருத்து. இன்சுலினின் சொல்லை மூளை உயிரணுக்கள் கேட்காமல் போனால் டௌ மீது பாஸ்பேட் ஏற்றும் நொதி கூடுதலாக வேலை செய்யும் என்பது மற்றொன்று. எப்படிப் பார்த்தாலும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்பா மெட்பார்மின் மாத்திரை பல வருடமாகச் சாப்பிடுகிறாரா? அது பி12 அளவைக் குறைக்கக்கூடியது, பி12 குறைந்தால் மறதி வரலாம், ஊசி போட்டால் தேறவும் கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது பி12ஐயும் பாருங்கள் என்று கேளுங்கள். அப்பாவுக்குச் சம்சு பழக்கம் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு வைட்டமின் பி1 குறைந்து வேறு வகை மறதி வரும்.

அலுமினியச் சட்டியில் சமைத்தால் இந்த நோய் வருமாமே? வல்லாரை சாப்பிட்டால் போய்விடுமா?

1965ல் முயல்களின் மூளைக்குள் அலுமினிய உப்பைச் செலுத்திப் பார்த்தபோது உயிரணுக்களில் இழைகள் தோன்றின, பயம் அங்கிருந்துதான் கிளம்பியது. அந்த இழைகள் அல்சைமர் இழைகள் மாதிரி இல்லை என்று பிறகு தெரிந்துவிட்டது. சமையல் சட்டியால் நோய் வருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை, பாட்டி காலத்துச் சட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். வல்லாரை நல்ல கீரை, துவையலாகவோ மலாய்க்காரர்கள் மாதிரி பச்சையாக உலாம் வைத்தோ தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அது இந்த நோயைத் தடுக்கும் என்றோ போக்கும் என்றோ மனிதர்களிடம் நிரூபிக்கப்படவில்லை. வல்லாரை மாத்திரைக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி கேட்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

என் அப்பாவுக்கும் அத்தைக்கும் இந்த நோய். அப்பாவுக்கு 70 வயதுக்கு மேல்தான் வந்தது. எனக்கு 42. எனக்கும் வருமா?

வந்தே தீரும் என்று எதுவும் இல்லை. பெற்றோரிடமிருந்து நேராக இறங்கி நிச்சயமாக வரும் வகை, மொத்த நோயாளிகளில் 100ல் ஒருவருக்கும் குறைவு, அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்துவிடும். அப்பாவுக்கு 70க்கு மேல்தான் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அந்த வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மற்றவர்களிடம் பெரிய பங்கு ஏபிஓஇ என்ற மரபணுவுக்கு. மூளைக்குள் கொழுப்பைச் சுமந்து கொடுக்கும் புரதத்துக்கான மரபணு அது, தாயிடமிருந்து ஒன்று தந்தையிடமிருந்து ஒன்று என்று எல்லாருக்கும் இரண்டு இருக்கும், அதில் 4ஆம் வகை ஒன்று இருந்தால் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு, இரண்டும் அதே வகையாக இருந்தால் இன்னும் பல மடங்கு. இரண்டும் இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, ஒன்றுமே இல்லாமல் வந்தவர்களும் உண்டு. பயத்தில் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள், உங்கள் வயதில் கையில் இருப்பது வேறு. 2024ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதி நோய்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணித்தது. ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கெட்ட கொழுப்பு, புகை, உடலுழைப்பில்லாமை எல்லாம் நீங்கள் எதிர்பார்ப்பவைதான். காது கேளாமையும் அந்தப் பட்டியலில் முக்கிய இடத்தில் இருக்கிறது, இதை நம் வீடுகளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆலையில் இரைச்சலுக்கு நடுவே பல வருடம் வேலை செய்தவர்கள் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் கருவி மாட்டிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிளினிக்கில் அம்மாவிடம் மலாயில் கேள்வி கேட்டார்கள். தேதி, 100லிருந்து 7 கழித்துக்கொண்டே போவது எல்லாம். அம்மா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரைதான். பதில் சொல்ல முடியாமல் அழுதுவிட்டார். "மறதி நோய்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் புது ஊசி வந்திருக்கிறதாமே, அதைப் போட முடியுமா?

முதலில் அந்தச் சோதனை. அதன் மதிப்பெண் படிப்பைப் பொறுத்து ஏறி இறங்கும், மொழி புரியாமல் எடுத்த மதிப்பெண்ணை வைத்து மட்டும் யாரும் முடிவுக்கு வரக் கூடாது. ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள், தமிழ் பேசுகிற தாதியோ நீங்களோ பக்கத்தில் இருந்து, தமிழில் மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதோடு, வீட்டில் அவரால் முன்பு முடிந்து இப்போது முடியாமல் போனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குழம்புக்கு உப்பு இரண்டு தரம் போடுகிறாரா, கடையில் மீதிச் சில்லறை எண்ணத் திணறுகிறாரா, எப்போதும் போகும் கோயிலுக்கு வழி தப்புகிறதா? படிக்காதவர்களுக்கு இந்தத் தாள்தான் சரியான சோதனை.

ஊசி பற்றி. லெக்கனமாப் என்பதை 2023லும் டொனனமாப் என்பதை 2024லும் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். இரண்டும் மூளையில் படிந்த அமிலாய்டை அகற்றுகின்றன. லெக்கனமாப் போட்டவர்கள் 18 மாதங்களில் சரிந்த வேகம், போடாதவர்களைவிட 27 விழுக்காடு குறைவு. சரிவது நிற்கவில்லை, போன ஞாபகம் திரும்பவும் இல்லை. அதிலும் நோய் மிக ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், அமிலாய்டு இருப்பதைப் பரிசோதனையில் உறுதிசெய்த பிறகுதான். சிலருக்கு மூளை வீங்குவதும் ரத்தம் கசிவதும் உண்டு என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அமிலாய்டை அகற்றியும் நோய் முழுதாக நிற்கவில்லை என்பதே, மேலே அந்தத் தம்பிக்குச் சொன்னபடி, டௌவும் மைக்ரோகிளியாவும் அதற்குள் தங்கள் பாட்டுக்கு ஓடத் தொடங்கிவிட்டன என்பதைக் காட்டுவதாகவே எனக்குப் படுகிறது.

உங்கள் அம்மாவுக்கு இப்போது அதைத் தேடி அலைய வேண்டாம். அல்சைமர்தான் என்று உறுதியானால் டொனெபெசில் என்ற மாத்திரை இருக்கிறது, 1996லிருந்து பயன்பாட்டில் உள்ளது. சாகும் உயிரணுவை அது காப்பாற்றாது, ஆனால் மிஞ்சியிருக்கும் உயிரணுக்களுக்கிடையே சேதி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சீக்கிரம் கரைந்து போகாமல் பார்த்துக்கொள்ளும், சிலருக்குக் கொஞ்ச காலம் நல்ல வித்தியாசம் தெரியும். ஆரம்பத்தில் வயிற்றைப் பிரட்டலாம், நாடித்துடிப்பு மெதுவாக உள்ளவர்களுக்குக் கவனம் தேவை, ஆகவே அம்மா ஏற்கனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு ஈப்போவுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.